மடியில் அடங்கும் பாட்டுப்பெட்டி

1

பாட்டுக் கேட்கிற பெட்டி ஒன்று வாங்கலாம் என்று போன சனிக்கிழமை மட்டாஞ்சேரியில் போட் ஏறி எர்ணாகுளம் போனேன். போனவன் வெறுங்கையோடு திரும்பினேன். கடையில் சரக்கு இல்லாமல் இல்லை. சரக்கு இருந்ததுதான் தொல்லை.

முன்பெல்லாம் கடைக்குப் போய் ‘டேப் ரெக்கார்டர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னதா பெரியதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது ஒரு சுவர் முழுக்க ஹோம் தியேட்டர். அறையைச் சுற்றி ஐந்து பெட்டிகளைச் சுவரில் மாட்டி, ஆறாவதாகக் கனமான ஒன்றைத் தரையில் வைக்க வேண்டுமாம். எதிர்ச் சுவரில் கட்டைவிரல் பருமனில் எம்பி3 பிளேயர்கள்; ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் பாட்டு இருக்குமாம். நடுவில் பென் டிரைவ் செருகுகிற பெட்டி, கம்ப்யூட்டரோடு சேர்க்கிற பெட்டி, எதோடும் சேராத பெட்டி. கடைக்காரப் பையன் வாட்ஸ் என்றான், சானல் என்றான், ஊஃபர் என்றான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். விளங்காத விஷயத்துக்குத் தலையாட்டுவது இந்த ஊருக்கு வந்தபிறகு எனக்கு நன்றாகவே பழகிப்போயிற்று.

கடைசியில் அவனும் அலுத்துப்போய் ஒரே கேள்வியாகக் கேட்டான்.

“சேட்டா, இது வீட்டில் வெக்கானோ, கொண்டுநடக்கானோ?”

வீட்டில் வைப்பதற்கா, கையோடு கொண்டுபோவதற்கா என்று கேட்கிறான். எந்தக் கடையிலும் கேட்கிற கேள்விதான். “வீட்டில் சோதிச்சிட்டு வராம்” என்று, அதாவது வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று அவன் நினைத்திருப்பான். அதுவும் பொய்யில்லை. ஆனால் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் அதுவல்ல. திரும்பி வரும்போது போட்டில் உட்கார்ந்து யோசித்தேன். பதினெட்டு வருஷமாக நாங்கள் குடும்பத்தோடு தப்பித்துக்கொண்டிருந்த கேள்வியை அந்தப் பையன் அரை நிமிஷத்தில் கேட்டுவிட்டான்.

2

நம் ஊர் மலரில் ‘வெளிநாடு வாழ் நம்மவர்’ என்ற பக்கத்துக்கு எழுதச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் எழுதுகிற பக்கத்தில் எனக்கென்ன வேலை? சங்கரன்கோவிலில் ராத்திரி பஸ் ஏறினால் தென்காசி, செங்கோட்டை, மலை, இறக்கம் என்று வந்து, விடிந்து பல் விளக்குகிற நேரத்துக்கு இங்கே இறங்கிவிடலாம். பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், கடல் தாண்டினவர்களுக்குத் தாங்கள் தாண்டிவிட்டோம் என்பதாவது தெளிவாகத் தெரியும். மலை தாண்டினவனுக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது மட்டாஞ்சேரியில். வேலை கொச்சங்காடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில். நம் பக்கத்துச் சரக்கு இங்கே வந்து இறங்கும். இங்கிருந்து சுக்கும் மிளகும் அங்கே போகும். ஊர் மாறிப் போகிறவர்களின் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பில் போடுவது நான்தான். தொண்ணூற்று நாலில் கல்யாணம் முடிந்து ராஜி இங்கே வந்தாள். வந்த மாதம் முழுக்க அழுதாள். மழை அழுகிறதா, இவள் அழுகிறாளா என்று தெரியாத ஆனி மாதம். “அஞ்சே வருஷம். அதுக்கப்புறம் ஊர்ல கடை போட்டுருவோம்” என்று நான் சொன்னேன். அழுகிறவளிடம் வேறு என்ன சொல்வது?

அழுகை நிற்கட்டும் என்று ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கத் தீர்மானித்தேன். பக்கத்துத் தெருவில் வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் இரட்டை கேசட் போடுகிற பெரிய செட் ஒன்றை விற்கக் காத்திருந்தார். இரண்டு பக்கமும் மரப்பெட்டி. தூக்க ஆள் வேண்டும். ராஜி வந்து பார்த்தாள். அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஊருக்குப் போகும்போது இத எப்படித் தூக்கிட்டுப் போவீக? மடியில வச்சுக்கிட்டுப் போற மாதிரி வாங்குங்க.”

எங்கள் வீட்டுக்கு அன்று ஒரு சட்டம் பிறந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாத எதையும் வாங்குவதில்லை. கைப்பிடி வைத்த டூ-இன்-ஒன் வந்தது. கைப்பிடி வைத்த சின்ன டிவி வந்தது. நாங்கள் பீரோ வாங்கவில்லை. நம்புவீர்களா? தமிழ்க் குடும்பம், பெண்குழந்தை வேறு இருக்கிறது, வீட்டில் பீரோ கிடையாது. பட்டுப்புடவை கட்டிலுக்கடியில் சூட்கேஸில் இருந்தது. கேட்கிறவர்களிடம் “இன்னும் கொஞ்ச நாள்தானே” என்போம். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் “அடுத்த பொங்கல் ஊர்லதான்” என்று சொல்வேன். பொங்கல் பானையை இறக்குகிற நேரத்தில் அதைச் சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது.

3

பிருந்தா பிறந்தாள். எல்.கே.ஜி.யில் சேர்ந்தாள். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று தொடங்கி, பிறகு வாசல்படி வரைக்கும் மலையாளம் ஏறிவந்து, பிறகு அடுப்படிக்கும் வந்துவிட்டது. தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க நான் உட்கார்ந்தால் அவளுக்கு உடனே தண்ணீர் தவிக்கும். பாட்டாவது காதில் விழட்டும், அதன் வழியாகவாவது பாஷை தங்கும் என்று நான் டூ-இன்-ஒன்னை மூடவிட மாட்டேன்.

எங்கள் கேசட்டுகளெல்லாம் ஊரில் ரெக்கார்டிங் கடையில் பதிந்தவை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: வேண்டிய பாட்டுகளைச் சொல்லி, காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். பக்கம் முடிகிற இடத்தில் கடைசிப் பாட்டு பாதியிலேயே அறுந்துபோகும். அதைக் கேட்டுக் கேட்டு, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் இசை நமக்கு முன்னாலேயே மனதில் தொடங்கிவிடும். ராஜி சமைக்கிறபோது டேப்புக்கு ஒரு நொடி முன்னால் பாடுவாள்.

பிறகுதான் சிடி என்கிற தட்டு வந்தது. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்றார் பிளாட்பாரத்தில் விற்றவர். சந்தோஷமாக நாலு வாங்கிவந்தேன். போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை என்பது வந்தபிறகுதான் உறைத்தது. அவசரமாக, மடியில் அடங்குகிற சிடி பிளேயர் ஒன்று வாங்கினேன். அது தட்டைச் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்றது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். “இது எம்பி3, அது ஆடியோ சிடி பிளேயர். ரெண்டும் வேறயல்லே” என்றார். இரண்டும் வட்டமாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அதை மாற்றி ஒரு விசிடி பிளேயர் எடுத்தேன். அது பாடியது. ஆனால் எந்தப் பாட்டு என்று தெரிய டிவியைப் போட வேண்டும். டிவியில் பாட்டின் பெயர் வராது. ‘ட்ராக் 047’ என்று வரும். வேண்டிய பாட்டைத் தேடுவதற்குள் கரண்ட் போய்விடும். கரண்ட் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பாட்டுக் கேட்கிற வீடு, நம்பர் மனப்பாடம் செய்கிற வீடாகிப்போனது.

நல்லதாக ஒன்றைத் தவணையில் எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். தவணைக்கு இங்கத்து ரேஷன் கார்டு வேண்டும். எங்கள் கார்டோ ஊரில். இங்கே சப்ளை ஆபீஸில் கேட்டால், அங்கே பெயர் வெட்டிய சர்டிபிகேட் கொண்டுவா, இங்கே சேர்க்கிறோம் என்றார்கள். ஊருக்குப் போய்க் கேட்டால், அங்கே சேர்ப்பதாக ஒரு கடுதாசி கொண்டுவா, இங்கே வெட்டுகிறோம் என்றார்கள். இரண்டு முறை மலை ஏறி இறங்கிவிட்டு விட்டுவிட்டேன். வெளியே எல்லாரிடமும் சர்க்காரைத் திட்டினேன். உள்ளே என்னவோ நிம்மதியாகத்தான் இருந்தது. பெயரை வெட்டிவிட்டால் அப்புறம் அங்கே நாம் யார்?

4

பிருந்தா ஒன்பதாவது படிக்கிறபோது கம்ப்யூட்டர் வந்தது. அது மடியில் அடங்காது. படிப்புக்காக என்பதால் சட்டத்தில் ஒரு விலக்கு. வந்த வாரமே அவள் தட்டுகளையெல்லாம் அதற்குள் ஏற்றிவிட்டாள். பாட்டுக்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. பாட்டு ஓடும்போது திரையில் பச்சையும் ஊதாவுமாக அலை அடிக்கும். ராஜி அடுப்பை விட்டுவிட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒருநாள் பால் பொங்கிவிட்டது.

அந்த மென்பொருள் ஒவ்வொரு பாட்டுக்கும் ‘ஆர்ட்டிஸ்ட்’ யார் என்று கேட்டது. மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

“நடிச்சவர் பேரைப் போடு” என்றேன். எந்தப் பாட்டையும் கதாநாயகன் பெயர் சொல்லித்தானே நாம் கேட்போம்?

“மியூசிக் போட்டவரு பேரைப் போடு. அவரு இல்லாம பாட்டேது?” என்றாள் ராஜி.

“ஆர்ட்டிஸ்டுன்னா பாடின ஆளாக்கும்” என்றாள் பிருந்தா. “படம் ஏதுன்னு போடறதுக்கு வேற கோளம் உண்டு.” கட்டத்தை இங்கே கோளம் என்பார்கள்.

பாடினவர் யார் என்று பாதிப் பாட்டுக்கு எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்ததில் பாதிக்குச் சண்டை. கடைசியில் அவள் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டாள். அந்த மென்பொருளும் எல்லாவற்றையும் ‘அன்னோன் ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய குழப்பம், கலைத்துப் போடுகிற ‘ஷஃபிள்’ என்ற சமாச்சாரம். பிருந்தாவுக்கு அது உயிர். ராஜி அடுப்படியில் அடுத்த பாட்டின் முதல் அடியை எடுப்பாள். கம்ப்யூட்டர் வேறொன்றைத் தொடங்கும். வாயை மூடிக்கொள்வாள். “யாரோ பேசிக்கிட்டிருக்கும்போதே பேச்சை மாத்துற மாதிரி இருக்கு” என்றாள். கொஞ்ச நாளில் கூடப் பாடுவதையே விட்டுவிட்டாள். பிருந்தாவோ காதில் ஒயரை மாட்டிக்கொண்டுவிட்டாள். என்ன கேட்கிறாள் என்று தெரியாது. தோளைத் தட்டிக் கேட்டால் “ஒண்ணுமில்ல அப்பா” என்பாள். பாட்டால் பாஷையைப் பிடித்துவைக்கலாம் என்று கணக்குப் போட்டவன் நான். இப்போது பாட்டு அவள் காதுக்குள், பாஷை எங்கே என்று தெரியவில்லை. எனக்கு அது வலித்தது.

5

இந்தச் சித்திரையில் ராஜியின் தம்பி கணேசன் வீட்டுப் பால்காய்ப்புக்கு ஊருக்குப் போயிருந்தோம். பந்தியில் சோறு வைத்தவரிடம் “மதி, மதி” என்றேன். இங்கே அப்படிச் சொன்னால்தான் நிறுத்துவார்கள். அவருக்கு அது விளங்கவில்லை. மேலும் இரண்டு கரண்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். எதிர் வரிசையில் ஒருவர் “மாப்பிள்ளை மலையாளத்தாராக்கும்?” என்று விசாரித்தார். நான் பிறந்த தெருவிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அந்த வீடு.

கணேசன் புது வீட்டு ஹாலில் ஹோம் தியேட்டர் மாட்டியிருந்தான். ஐந்து பெட்டியும் சுவரில். ராஜி ஹாலின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இடதுபக்கம் வயலின், வலதுபக்கம் தபலா, முதுகுக்குப் பின்னால் கோரஸ். அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பிருந்தா என்னிடம் வந்து, “அப்பா, நமக்கு எப்பழா வீட்டுக்குப் போறது?” என்று கேட்டாள். வீடு என்று அவள் சொன்னது மட்டாஞ்சேரியை. பக்கத்தில் நின்ற ராஜி அவளைத் திருத்துவாள் என்று பார்த்தேன். திருத்தவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் “கணேசன் வீட்டுப் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் ராஜி. அதற்கு என்ன அர்த்தம்? வாங்கு என்றா? ஊரில் இருந்தால் நமக்கும் இருந்திருக்கும் என்றா? கேட்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான், யாரிடமும் சொல்லாமல், அந்தச் சனிக்கிழமை எர்ணாகுளம் போனது.

6

வெறுங்கையோடு வந்தவனைப் பிருந்தா விசாரித்தாள். கடைப் பையன் கேட்டதைச் சொன்னேன். மடியில் அடங்குகிற சட்டத்தை விடவும் முடியவில்லை, கட்டைவிரல் அளவுப் பெட்டியில் மூன்று பேரும் எப்படிக் கேட்பது என்றும் புரியவில்லை என்றேன்.

பிருந்தா காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

“அப்பாக்கு லாரி ஆபீஸிலல்லே ஜோலி? ஊருக்குப் போகும்போ செட்டை லாரியில ஏத்தி விட்டா மதியல்லோ. எதுக்கு மடியில வெக்கணும்?”

எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது போலிருந்தது. தினம் பத்துப் பேருடைய பீரோவுக்குப் பில் போடுகிறவன் நான். என் வீட்டுப் பெட்டி ஒன்று அந்த லாரியில் ஏறும் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. ராஜியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னாலேயே போனேன். “உனக்கு இது முன்னாடியே தோணுச்சா?”

“தோணாம இருக்குமா? நான் என்ன புத்தி கெட்டவளா?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

சாயாவுக்குத் தண்ணீர் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “நீங்கதான் பொங்கலுக்குப் பொங்கல் ஊருக்குப் போறோம் போறோம்னு சொல்லுதீக. ஆசையா இருக்கீகன்னு நெனச்சேன். பெரிசா எதையாச்சும் வாங்கி வச்சா உங்க மனசு சங்கடப்படும்லா.”

“நீ அழுதியேன்னுல்லா நான் அதச் சொன்னேன்.”

“அழுதது கல்யாணமாகி வந்த புதுசுல. இப்பவுமா அழுதுக்கிட்டிருக்கேன்?”

எனக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. அடுப்படியில் நாற்காலி கிடையாது. அரிசி டின்மேல் உட்கார்ந்தேன். அவளுக்காக நான், எனக்காக அவள். அப்படியானால் ஊருக்குப் போகவேண்டும் என்று இந்த வீட்டில் யார்தான் நினைத்தது? எனக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்று அந்த நிமிஷம் தேடிப்பார்த்தேன். இருக்கிறது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இன்னமும் அப்படித்தான்.

“வாடகை வீடு. சுவத்துல ஓட்டை போட ஆயிஷாத்தா சம்மதிக்கணுமே” என்றேன். ஆயிஷாத்தா மாடியில் இருக்கிற வீட்டுக்காரம்மா. ஏதாவது ஒரு தடை வேண்டியிருந்தது எனக்கு.

“அதெல்லாம் கேட்டாச்சு.”

“எப்ப?”

“பிருந்தா ஏழாவது படிக்கும்போதே. பீரோ வைக்க, அலமாரி அடிக்க, எல்லாத்துக்கும் சேர்த்து. ‘இதும் நிங்ஙளுடெ வீடல்லே மோளே’ன்னு சொல்லிட்டாக.”

இதுவும் உங்கள் வீடுதானே மகளே என்ற அந்தச் சம்மதத்தை ஐந்து வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

7

நேற்று மூன்று பேருமாகப் போய் வாங்கிவந்தோம். சுவரில் மாட்டுகிற செட் எங்களுக்கு. கட்டைவிரல் அளவில் ஒன்று பிருந்தாவுக்கு. பிளஸ் டூ முடித்துவிட்டு ஆவணியில் பெங்களூர் நர்ஸிங் காலேஜுக்குப் போகிறாள். கொண்டுபோவது அவளுக்கு, வீட்டில் வைப்பது எங்களுக்கு. கடைப் பையன் கேட்டபோது இந்த விடை எங்கே போயிருந்தது?

இன்று காலை மாட்டுவதற்கு ஆள் வந்தார். கையில் டிரில்லிங் மெஷின். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். பழைய செங்கல் என்றார். பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“இது பின்னெ எடுக்கேண்டி வருமோ? எடுக்கணமெங்கில் ஆணி மதி. இல்லெங்கில் துளச்சு ஸ்க்ரூ கேற்றாம்.”

மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தால் ஆணி போதும், இல்லையென்றால் துளை போட்டுத் திருகாணி முடுக்கிவிடலாம் என்கிறார். நான் பிருந்தாவைப் பார்த்தேன். அவள் தன் சின்னப் பெட்டியில் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தாள். இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன் என்று ராஜிக்குத் தெரிந்திருக்கிறது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எடுக்கண்டா” என்றாள், அசல் மட்டாஞ்சேரிக்காரி மாதிரி. “ஸ்க்ரூ தன்னெ கேற்றிக்கோ.” எடுக்க வேண்டாமாம், திருகாணியே முடுக்க வேண்டுமாம்.

மெஷின் சுவரில் இறங்கியது. செம்புழுதி தரையெல்லாம் கொட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன். ராஜி விளக்குமாற்றை எடுக்கப் போகாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசித் துளை விழுகிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.